ஒரு நிமிடம் பதினான்கு விநாடி

இருபத்தொன்பது வயதில் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். சிரிக்க வேண்டாம். பத்து வருடம் ஒரே கதிரையில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறேன். அந்தக் கதிரையின் குஷனை இரண்டு தரம் மாற்றினார்கள், என்னை மாற்றவில்லை. இன்றோடு ஸ்டூடியோ வேலை முடிந்தது என்று அப்பாவிடம் சொன்னபோது அவர் பேப்பரை இறக்காமலே, “முப்பதும் ஆகேல்லை, உனக்கென்ன பென்சனோ?” என்றார். அப்பா மாத்தளைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், லிகிதராக இருந்து முறைப்படி ஓய்வு பெற்றவர். வடக்கை விட்டு வந்து எத்தனை காலமானாலும் அவருடைய பேச்சு மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது.

பென்சன் எல்லாம் இல்லை. வேலை செய்துகொண்டே வெளிவாரியாகப் படித்த பட்டத்துக்கு அரசாங்க நியமனம் வந்திருக்கிறது, அதுவும் லக்கலவுக்கு. பஸ் குறைவு, யானை அதிகம். போகத்தான் போகிறேன்.

போவதற்கு முன்னால் இதை எழுதச் சொன்னது, என் இடத்துக்கு வந்திருக்கும் இரண்டு பிள்ளைகள். என் கொம்பியூட்டர் திரைக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. என் கையெழுத்துத்தான்: “சத்தம் இல்லாத இடத்தை வெட்டக் கூடாது.” அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில், “முழுசாப் பார்க்காமல் எதையும் வெட்டக் கூடாது.” இது என்ன அக்கா, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். வாயால் சொன்னால் பத்து நிமிடத்தில் கொட்டி முடித்துவிடுவேன், என் பேச்சு அப்படி. ஆனால் இந்த விஷயத்தில் என் அவசரமும் ஒரு குற்றவாளி. அதனால் எழுதுகிறேன்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காக வீட்டில் சும்மா இருந்த காலத்தில், அடையாள அட்டைக்குப் படம் எடுக்க அந்த ஸ்டூடியோவுக்குப் போனேன். “பெண் உதவியாளர் தேவை” என்று கண்ணாடியில் எழுதியிருந்தது. ஏன் பெண் என்று கேட்டேன். ஸ்டூடியோ முதலாளி ஹாஜியார் சொன்ன காரணம் எனக்குப் புதிது.

எங்கள் ஸ்டூடியோவின் பெரிய வேலை படம் பிடிப்பது அல்ல, மாற்றிக் கொடுப்பது. வீட்டுக் கெமராவில் எடுத்த சின்ன டிஸ்க், மெமரி கார்ட், பழைய போனில் இருக்கும் பைல் என்று ஆட்கள் எதையாவது கொண்டு வருவார்கள். அதை வீட்டு டிவிடி பிளேயரில் ஓடுகிற மாதிரி ஒரு டிஸ்க்காகவும், பத்திரமாக வைத்துக்கொள்ள ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதியாகவும் ஆக்கிக் கொடுப்போம். மாத்தளையில் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்தை அந்த வீட்டுப் பெண்களே படம் பிடிப்பார்கள். வெளி ஆண்கள் அதைப் பார்ப்பதில்லை. அதனால் எத்தனையோ கல்யாணங்கள் மாற்றிக் கொடுக்க ஆளில்லாமல் அலுமாரிகளில் கிடந்தன. ஹாஜியாரும் அந்த வழக்கத்தை மீற மாட்டார். பார்க்க ஒரு பெண் வேண்டும். அந்தப் பெண் நான்.

பழகியதைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. எந்தக் கெமரா எந்த மாதிரிப் பைலைக் கொடுக்கும், எந்தப் பிளேயர் எதைத் துப்பும் என்பதெல்லாம் மூன்று மாதத்தில் கைக்கு வந்துவிட்டது. நாலாவது மாதம் ஹாஜியாருக்கே நான் புத்தி சொல்லத் தொடங்கிவிட்டேன்.

ஹாஜியாரைப் பற்றித்தான் நீட்ட வேண்டும். ஸ்டூடியோ வைப்பதற்கு முன் இருபது வருடம் ரேடியோ திருத்தியவர். கண்ணை விடக் காதை நம்புகிறவர். பெண்கள் பக்க வீடியோ வந்தால் எங்கள் வேலை இப்படி நடக்கும். பின்னறையில் சீத்தைத் துணித் திரைக்குப் பின்னால் நான் படத்தோடு இருப்பேன். திரைக்கு இந்தப் பக்கம் அவர் சுவரைப் பார்த்துக் கதிரையைத் திருப்பிப் போட்டு, ஹெட்போன் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்பார். மடியில் தடித்த அட்டை போட்ட ஒரு சிஆர் கொப்பி, கையில் பென்சில். மைக் இடிபடுகிற இடம், ஜெனரேட்டர் இரைகிற இடம், ஒன்றுமே கேட்காத இடம் என்று ஒவ்வொன்றுக்கும் நிமிடம், விநாடி குறித்து வெட்டு, குறை, விடு என்று எழுதுவார். அந்தக் கொப்பியை வைத்து நான் வெட்டுவேன்.

ஏன் வெட்ட வேண்டும்? ஒரு கல்யாணம் ஒரு டிஸ்க்கில் அடங்க வேண்டும் என்பது ஹாஜியாரின் சட்டம். இரண்டாவது டிஸ்க்கை யாரும் எடுத்துப் போட மாட்டார்கள், அது காணாமல் போகும் என்பார். ஒரு டிஸ்க்குக்கு இரண்டு மணித்தியாலம். அதற்கு மேல் ஏற்றினால் படம் கட்டம் கட்டமாக உடையும். ஆக மிச்சத்தை எங்கேயாவது வெட்டித்தான் ஆக வேண்டும். சத்தம் இல்லாத இடத்தில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது?

நான் சேர்ந்த முதல் வருடக் கடைசியில் உக்குவளையில் இருந்து ஒரு கல்யாணம் வந்தது. மணமகளின் நானா, அதாவது அண்ணன், கொரியாவில் வேலை செய்தபோது பழைய கெமரா ஒன்றை வாங்கி வந்திருந்தார். உள்ளங்கை அளவு டிஸ்க்கில் பதிகிற கெமரா. ஒரு டிஸ்க்குக்கு அரை மணித்தியாலம், மொத்தம் ஐந்து டிஸ்க். பெண்கள் பக்கத்தைப் பிடித்தது அவருடைய மனைவி. கெமராவையே கொண்டு வந்ததால், அதில் ஓடவிட்டு வயர் மூலம் கொம்பியூட்டருக்கு எடுத்துக்கொண்டேன். கடைசி டிஸ்க் நிரம்பவில்லை, ஆனாலும் பத்து நிமிடம் போல அதிகமாக இருந்தது. ஹாஜியார் கொப்பியில் குறித்தார், நான் வெட்டினேன்.

அதில் ஒரு இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மணமகளின் உம்மா ஒரு கதிரையில் தனியாக உட்கார்ந்து கெமராவைப் பார்க்கிறார். உதடு அசைகிறது. சத்தம் இல்லை. தஸ்பீஹ் ஓதுகிறார் என்று நினைத்தேன். ஸ்டூடியோவில் ஹாஜியாரும் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அப்படித்தான் உதட்டை அசைத்துக்கொண்டு இருப்பார். ஒரு மனுஷி ஓதிக்கொண்டிருப்பதை டிஸ்க்கில் விட்டு வைப்பது மரியாதை இல்லை என்று எனக்குத் தோன்றியது. கொப்பியிலும் “வெட்டு” என்றுதான் இருந்தது. கைக்கு ஒரு விநாடி வேலை. அன்றைக்கு வேலை சீக்கிரம் முடிந்தது என்று எனக்குச் சந்தோஷம்கூட.

அதற்குப் பிறகு எட்டு வருடம் போனது. போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரு பெண் தனியாகப் படியேறி வந்தார். நான் திரையைப் பார்த்தபடியே, “சொல்லுங்க, என்ன வேணும்?” என்றேன். மேசையில் விரலால் இரண்டு தட்டு விழுந்தது. நிமிர்ந்தேன்.

“என்னப் பாத்துப் பேசுங்க” என்றார். குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல், வார்த்தைகள் கொஞ்சம் மழுங்கி வந்தன. “எனக்குக் காது கேக்காது. வாயப் பாத்துத்தான் பேச்சு எடுப்பேன்.”

அவர்தான் அந்த மணமகள், ரிஸ்னா அக்கா. ஐந்து வயதில் காய்ச்சல் வந்து காது போனது. அதற்கு முன்பே பேசப் பழகியிருந்ததால் பேச்சு போகவில்லை. தையல்காரி. கல்யாணம் முடித்து நாவுலவுக்குப் போனவர், வாராவாரம் பஸ் ஏறி உக்குவளைக்கு உம்மாவைப் பார்க்க வருகிறார். அவர் பையில் இருந்து எடுத்து வைத்தது எங்கள் ஸ்டூடியோ முத்திரை போட்ட பழைய டிவிடி ஒன்று, கடதாசியில் சுற்றிய ஐந்து சின்ன டிஸ்க்.

அவர் சொன்னதை நான் சுருக்கிச் சொல்கிறேன். கல்யாணத்தன்று உம்மா கெமராவுக்கு முன்னால் உட்கார்ந்து வாயசைத்துப் பேசியதை அவர் தூரத்தில் இருந்து பார்த்திருக்கிறார். ஆனால் பக்கவாட்டில், அதனால் ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. பேசி முடித்ததும் உம்மா இவரைக் கையால் காட்டி, பிறகு கெமராவைக் காட்டினார். உனக்குத்தான், இதில் இருக்கிறது என்று அர்த்தம். டிஸ்க் நாவுலவுக்கு வந்தது. அதில் பெரியம்மா, சாச்சி, பக்கத்து வீட்டுக்காரி எல்லாரும் இருந்தார்கள். உம்மா பேசிய இடம் மட்டும் இல்லை.

“ஏன் இல்லன்னு கேக்கல்லியா?” என்று நான் கேட்டேன்.

“யாருகிட்ட? உம்மா சொல்லிட்டு, பிறகு யோசிச்சு, வெட்டச் சொல்லிட்டாங்கன்னு நினைச்சேன். வேணாம்னு எடுத்தத எப்படிப் போய்க் கேக்குறது?” டிவிடியின் உறையைத் திருப்பி வைத்தார். “அதோட என் மெஷினையும் அனுப்பல்ல. எல்லாச் சாமானும் நாவுலவுக்கு வந்துச்சு, தையல் மெஷின் மட்டும் வரல்ல. உம்மாவுக்கு என் மேல ஏதோ கோவம்னு வெச்சிக்கிட்டேன்.”

உம்மாவோ மகள் பார்த்துவிட்டாள் என்றே நினைத்து இருந்துவிட்டார் போல. இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. இப்போது திறக்க வழியும் இல்லை. நாலு மாதத்துக்கு முன் உம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, வலது கையும் வரவில்லை. அவர் குழறிப் பேசுவதைக் காது கேட்கிறவர்கள் பாதிக்குப் பாதி விளங்கிக்கொள்கிறார்கள். உதட்டைப் பார்த்துப் பேச்சு எடுக்கிற மகளுக்கு அந்த வாயில் இருந்து ஒன்றுமே கிடைப்பதில்லை. முப்பது வருடமாக வாசித்த முகம் அது.

அண்ணியிடம் சொல்லிக் கேட்கலாமே என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். ரிஸ்னா அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “மதினிக்குத் தெரியணும்னா உம்மா அன்னைக்கே சத்தமாச் சொல்லியிருப்பாங்களே, தங்கச்சி. கெமராவப் பிடிச்சதே மதினிதானே.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உம்மா ஓதவில்லை. சபைக்கு நடுவில், மாப்பிள்ளை வீட்டார் சுற்றி இருக்க, தன் மகளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சத்தமில்லாமல் பேசியிருக்கிறார். அந்தக் கூட்டத்தில் அப்படிப் பேசினால் கேட்கக்கூடிய ஒரே ஆள் காது கேட்காத மகள். அதை வெட்டியது நான்.

அப்போதே சொல்லிவிட்டேன். “அக்கா, அத வெட்டினது உம்மா இல்ல. நான்தான்.”

அவர் என் வாயையே பார்த்தார். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். கோபப்படுவார் என்று இருந்தேன். அவர் சின்ன டிஸ்க்குகளை என் பக்கம் தள்ளினார். “மெஷின் லாச்சிக்குள்ள, நூல் கட்டைக்கு அடியில கெடந்துச்சு. எடுத்துத் தாங்க” என்றார், அவ்வளவுதான்.

எங்களிடம் இருந்த பிரதி எப்போதோ போய்விட்டது. அந்தக் காலத்தில் ஒரு மாதத்துக்கு மேல் வேலைப் பைல்களை வைத்துக்கொள்ள மாட்டோம். ஹாஜியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். “எட்டு வருசத்துக்கு முந்தின வேலை, மகள். டிஸ்க் பழுதுன்னு சொல்லி அனுப்புங்க. நாங்களா வெட்டினோமா, அவங்களே எடுக்கலியான்னு யாருக்குத் தெரியும்?” என்றார். நான் மேல் தட்டில் இருந்து பழைய சிஆர் கொப்பிகளை இறக்கினேன். மூன்றாவது கொப்பியில் இருந்தது. உக்குவளை, டிஸ்க் நாலு, பதினேழு இருபதில் இருந்து பதினெட்டு முப்பத்து நாலு வரை, சத்தமில்லை, வெட்டு. ஒரு நிமிடம் பதினான்கு விநாடி. ஹாஜியார் தன் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கொப்பியை மூடி, “கையால வெட்டினது நீங்க. வெட்டச் சொன்னது நான்” என்றார். அதற்குப் பிறகு டிஸ்க் பழுது என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை.

ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து எல்லாம் திறந்தன. நாலு திறக்கவில்லை. அந்த வகைக் கெமராவில் பதிந்து முடிந்ததும் டிஸ்க்கை முடித்து மூடும்படி ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்தக் கெமரா மட்டும்தான் அதை வாசிக்கும், மற்ற எல்லாவற்றுக்கும் அது வெற்று டிஸ்க். கல்யாண அவசரத்தில் நாலாவதை மூட மறந்திருக்கிறார்கள். கெமராவோ பற்றரி வீங்கிச் செத்துப்போய் விட்டது. என் கொம்பியூட்டரும் அது வெற்று டிஸ்க் என்றே நம்பி, அழித்து எழுதத் தயார் செய்யட்டுமா என்று கேட்டது. அழித்து எழுதக்கூடிய வகை டிஸ்க் அது. ஆம் என்று ஒரு தட்டுத் தட்டினால் மிச்சமும் போயிருக்கும். மவுஸில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எட்டு வருடத்துக்கு முன் அந்தக் கை எப்படி ஓடியது என்று எனக்குத் தெரியும்.

மூடாத டிஸ்க்கில் இருக்கிறதை அட்டவணை பார்க்காமல் அப்படியே வரி வரியாக அள்ளி எடுக்கிற மென்பொருள் இருக்கிறது. ஆனால் டிஸ்க் வாசிக்கிற டிரைவும் அதற்கு இசைய வேண்டும். எங்களிடம் இருந்த மூன்று டிரைவும் முடியாது என்று சொல்லிவிட்டன. கண்டியில் ஒரு கடையில் கேட்டேன், இல்லை. அதே மாதிரிக் கெமரா வைத்திருந்த ஒருவரை விசாரித்துப் பிடித்தேன், அதுவும் ஓடவில்லை. ஒரு கிழமை இப்படி அலைந்தேன். விட்டுவிடு என்று அம்மாகூடச் சொன்னார். நான் விடுகிற ரகம் இல்லை.

அடுத்த திங்கள் காலை நான் வந்தபோது ஹாஜியார் தரையில் உட்கார்ந்திருந்தார். ஸ்டூடியோவின் முதல் கொம்பியூட்டரை, இத்தனை வருடமாகப் பிரிண்டருக்கு ஸ்டூலாக இருந்ததை, இழுத்துப் போட்டுத் தூசு தட்டிக்கொண்டிருந்தார். “இதுக்குள்ள இருக்குற டிரைவ் எதையும் துப்பாது மகள். கீறல் விழுந்த சீடிய எல்லாம் இதுலதான் ஓட்டுவேன்” என்றார். கழற்றி என் கொம்பியூட்டரில் மாட்டினோம். வண்டி மேடு ஏறுகிற மாதிரி டிரைவ் முனகியது. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி பின்னேரம் பள்ளியில் அஸருக்குப் பாங்கு சொன்னபோது முடிந்தது. மூன்று இடத்தில் வாசிக்க முடியவில்லை. நல்ல காலம், மூன்றும் சாப்பாட்டு மேசையில்.

பதினேழு இருபதில் உம்மா கதிரையில் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை ரிஸ்னா அக்கா வந்தார். வழமையான முறையில் மாற்றித் தயாராக வைத்திருந்தேன். பின்னறையில் ஓடவிட்டேன். இரண்டு விநாடி பார்த்தார். “என் பேரச் சொல்றாங்க” என்றார். பிறகு புருவம் சுருங்கியது. திரைக்குக் கிட்டப் போனார், விலகி வந்தார். கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

“ரெண்டு வாய் இருக்கு.”

எனக்கு விளங்கவில்லை. நிறுத்திப் பார்த்தேன். உம்மாவின் உதட்டுக்கு மேல் இன்னொரு உதடு மங்கலாகப் படிந்திருந்தது. ஒன்று திறந்து, ஒன்று மூடி. ஒன்பது வருடமாக இந்தப் படங்களைப் பார்த்தும் ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை. விஷயம் இதுதான். கொரியாக் கெமரா விநாடிக்கு முப்பது படம் என்ற முறையில் பதியும். நம் நாட்டு டிவிக்கு இருபத்தைந்து. அதனால் நாங்கள் எதையும் இருபத்தைந்துக்கு மாற்றிவிடுவோம். மாற்றும்போது மென்பொருள் பக்கத்துப் பக்கத்துப் படங்களைக் குழைத்து ஒன்றாக்கும். ஓட்டம் சீராக இருக்கும், காதால் கேட்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வாயைப் பார்த்துக் கேட்கிறவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசுகிற மாதிரி.

கூர்மையாக்கிப் பார்க்கச் சொல்லி ஹாஜியார் சீத்தைத் திரைக்கு அந்தப் பக்கம் இருந்து யோசனை சொன்னார். மாட்டேன் என்றேன். இல்லாத விளிம்பை அது தானாக வரையும், உம்மா சொல்லாததை நாங்கள் சொல்ல வைத்த மாதிரி ஆகும். மெதுவாக ஓட்டிக் காட்டினேன். ரிஸ்னா அக்கா தலையை ஆட்டினார். “மெதுவா ஓடினா பேச்சு உதிர்ந்து போகுது. மனுசர் பேசுற வேகத்துலதான் வேணும்.”

ஆகக் குழைக்கவே கூடாது. அந்தக் கெமரா ஒரு படத்தை இரண்டு அரைப் படமாக, ஒன்று விட்ட கோடுகளில், வேறு வேறு கணத்தில் பதிகிறது. அதைப் பிரித்தால் விநாடிக்கு அறுபது கணம் கிடைக்கும், உதட்டின் ஒவ்வொரு அசைவும் தனித்தனியாக. பிரித்தேன். சரியா என்று எப்படிப் பார்ப்பது? உம்மாவின் பேச்சை வைத்துச் சோதிக்க ரிஸ்னா அக்கா விடவில்லை. அதை உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்துதான் பார்ப்பேன், இங்கே வேண்டாம் என்றார். அதனால் அதே டிஸ்க்கில் சத்தத்தோடு பேசுகிற பெரியம்மாவை எடுத்துக்கொண்டோம். நான் ஹெட்போனில் கேட்பேன். அவர் வாயைப் பார்த்துச் சொல்வார். பழைய முறையில் பத்து வார்த்தைக்கு மூன்று பிடித்தார். புதிதில் ஓடவிட்டதும் தடையில்லாமல் சொல்லிக்கொண்டே போனார்: “மாப்புள ஊட்டுக்காரங்க இத்தன பேரு வருவாங்கன்னு யாருக்குத் தெரியும், கோழி பத்தாது, அந்த மூலைக்கு வட்டிலப்பம் போகவே இல்ல...” நிறுத்தி என்னைப் பார்த்தார். “எட்டு வருசமா பெரியம்மா எனக்காக அல்லாகிட்ட துஆ கேக்குறாங்கன்னு நினைச்சிட்டிருந்தேன்” என்றார். இரண்டு பேரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். வெளியே ஹாஜியார் ஒரு இருமல் இருமினார்.

நானாவும் மதினியும் கண்டிக்கு ஒரு விசேஷத்துக்குப் போகிற நாளை ரிஸ்னா அக்கா தெரிவு செய்தார். ஹாஜியார் தன் ஓட்டோவில் என்னையும் லேப்டாப்பையும் உக்குவளைக்குக் கொண்டு போனார். வீட்டுக்குள் வரவில்லை. முற்றத்தில் கதிரை போட்டு, வழக்கம் போல வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். நானும் வெளியே இருக்கிறேன் என்றேன். ரிஸ்னா அக்கா என் கையைப் பிடித்தார். “வெட்டினது நீங்கதானே. இருங்க, பாத்துட்டுப் போங்க.”

உம்மா சாய்வு கதிரையில் இருந்தார். ஜன்னலுக்குப் பக்கத்தில் துணி போட்டு மூடிய தையல் மெஷின். லேப்டாப்பை அதன் மேலேயே வைத்து ஓடவிட்டேன்.

அறைக்குள் ஒரு சத்தமும் இல்லை. திரையில் எட்டு வருடத்துக்கு முந்திய உம்மா, வாய் நேராக, நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். ரிஸ்னா அக்கா அசையாமல் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே இருந்து ஹாஜியாரின் குரல் வந்தது.

“மகள், ஓடுதா? சத்தம் வரல்லியே?”

“ஓடுது ஹாஜியார். சத்தமே இல்ல.”

முதல் தரம் முடிந்ததும் ரிஸ்னா அக்கா இன்னொரு தரம் என்று விரலைக் காட்டினார். இரண்டாவது தரம் ஓடியபோது உம்மாவின் உதட்டோடு உதடாக, தன் குரலில் சொல்லத் தொடங்கினார்.

“ரிஸ்னா, புள்ள, இத நீ மட்டும் கேளு. அந்த ஊட்ல ஒன் மொகத்தப் பாத்துப் பேசுறாங்களான்னு பாரு. திரும்பிக்கிட்டுப் பேசினா, என்னப் பாத்துப் பேசுங்கன்னு சொல்லு. வெக்கப்படாத. சொல்லியும் கேக்கல்லன்னா பஸ் ஏறி வந்துரு. ஏன் வந்தேன்னு நான் கேக்க மாட்டேன். ஒன் நானாவையும் கேக்க விட மாட்டேன். மெஷின நான் அனுப்பல்ல. ஜன்னலுக்குப் பக்கத்துலயே வெச்சிருக்கேன். அது இங்க இருக்குற வரைக்கும் இது ஒன் ஊடு.”

உம்மாவின் ஒரு பக்க முகம் நனைந்திருந்தது. இடது கையால் தையல் மெஷினைக் காட்டினார். அதற்கு யாரும் வாய் பார்க்கத் தேவை இருக்கவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டேன், முகத்தைப் பார்த்து, மெதுவாக. ரிஸ்னா அக்கா லேப்டாப்பை மூடவில்லை. ஒரு தரம் திரையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நான் திரும்பி வந்திருக்க மாட்டேன் தங்கச்சி. அவரு நல்ல மனுசன். மத்தவங்க யாரும் என் மொகத்தப் பாத்துப் பேச மாட்டாங்க, அதுவும் பழகிட்டுது. ஒங்க கடையில மேசையத் தட்டினேன், அந்த ஊட்ல ஒரு நாளும் தட்டினதில்ல. எப்பவும் இங்க வரலாம்னு தெரிஞ்சிருந்தா, தைரியமாத் தட்டிட்டு அங்கேயே இருந்திருப்பேன்.”

ஸ்டூடியோவுக்கு வந்ததும் நான் தாளை எடுத்து முதல் வரியை எழுதி ஒட்டினேன். அவர் பென்சிலை வாங்கி இரண்டாவது வரியை எழுதினார். அன்றிலிருந்து எந்த வேலை வந்தாலும், மாற்றுவதற்கு முன் மூலத்தை அப்படியே இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைக்கிறோம். வெட்டுவதென்றால் வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு வெட்டுகிறோம். ஒரு கல்யாணம் மூன்று டிஸ்க் ஆனாலும் மூன்று டிஸ்க்தான். பிள்ளைகளே, நான் இல்லை என்று இதில் ஒன்றையும் தளர்த்திவிட வேண்டாம். நேரம் இல்லை என்று வாடிக்கையாளர் அவசரப்படுத்தினால் லக்கலவுக்கு ஒரு கோல் எடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

கடைசியாக ரிஸ்னா அக்கா ஒரு டிஸ்க் கேட்டார். அந்த ஒரு நிமிடம் பதினான்கு விநாடி மட்டும். தொடக்கத்தில் தெரிவுப் பட்டியல் எதுவும் வரக் கூடாது, போட்டதும் ஓட வேண்டும், முடிந்தால் நின்று காத்திருக்க வேண்டும், ரிமோட்டில் ஒரே பட்டனை அழுத்தினால் திரும்ப ஓட வேண்டும். அறுபது கணமும் குழையாமல், கொரியா முறையிலேயே எழுதினேன். இப்போதைய பிளேயர்கள் இரண்டு முறையையும் ஓட்டும், இருபத்தைந்துக்கு மாற்ற வேண்டிய தேவையே எப்போதோ போய்விட்டது, நாங்கள்தான் பழக்கத்தில் மாற்றிக்கொண்டிருந்தோம். யாருக்கு இந்த டிஸ்க் என்று நான் கேட்கவில்லை. அவருக்குத்தான் என்று நினைத்தேன். மறுபடியும் பார்க்காமல் முடிவு செய்திருக்கிறேன் பாருங்கள்.

போன சனிக்கிழமை விடைபெற உக்குவளைக்குப் போனேன். நாவுல பஸ்ஸில் வந்து இறங்கிய ரிஸ்னா அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் வாசலில் தலையைக் காட்டியதும், சாய்வு கதிரையில் இருந்த உம்மா இடது கையால் மடியில் கிடந்த ரிமோட்டை எடுத்து, டிவியை நோக்கி நீட்டி, பட்டனை அழுத்தினார். திரையில் உம்மா பேசத் தொடங்கினார். ரிஸ்னா அக்கா பையைக் கீழே வைக்காமல் நின்றபடியே முழுவதையும் கேட்டார்.

பிறகு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, பையில் இருந்து நாவுலவில் எடுத்த தையல் துணியைப் பிரித்தார். மாமியார் இப்போது முகத்தைப் பார்த்துப் பேசுகிறாராம். மேசையில் தட்டினதில் ஒரு கோப்பை விழுந்து உடைந்தது, அதற்குப் பிறகுதான் என்று சொல்லிச் சிரித்தார். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவரின் தோளை உம்மா தொட்டார். நிமிர்ந்தார். உம்மா மறுபடியும் ரிமோட்டைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

“பாத்தீங்களா தங்கச்சி, பேசத் தொடங்கினா நிப்பாட்ட மாட்டாங்க” என்றார் ரிஸ்னா அக்கா. நூலைக் கீழே வைத்துவிட்டு டிவியின் பக்கம் முகத்தைத் திருப்பினார்.